ஓவர்கிளாக் செய்தால் பிராசசர் சீக்கிரம் போய்விடுமா?

கேள்வி: கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 5 5600எக்ஸ், பி550 போர்டு, பெட்டியோடு வந்த ஃபேன். வைகாசி முகூர்த்தங்களில் வேலை குவிந்துவிடுகிறது. திருச்சியில் ஒரு கடைக்காரர், "ஓவர்கிளாக் பண்ணித் தர்றேன், 1,500 ரூபா, ஸ்பீடு பிச்சுக்கிட்டுப் போகும்" என்கிறார். என் மச்சானோ, "ஆறே மாசத்துல சிப்பு கருகிடும், தொடாதே" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: ஓவர்கிளாக் என்றால் பிராசசரை கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. மச்சான் சொல்கிற மாதிரி ஆறு மாதத்தில் எதுவும் கருகாது. இன்றைய பிராசசர்கள் சூடு எல்லையைத் தொட்டதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். உங்கள் 5600எக்ஸுக்கு அந்த எல்லை 95 டிகிரி. அதற்காகக் கடைக்காரரிடம் 1,500 ரூபாயை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.

வேகம்தான் சிப்பைத் தேய்க்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தேய்ப்பவை வோல்டேஜும் சூடும். கிளாக்கை, அதாவது வேகத்தை, ஏற்றினால் ஒரு கட்டத்தில் சிப் தடுமாறும். தடுமாறாமல் நிறுத்த வோல்டேஜைக் கூட்ட வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிப் இயங்கச் செலவாகும் மின்சாரம் கிளாக்குக்கு ஏற்றபடி கூடும். வோல்டேஜ் ஏறினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். கிளாக்கை 10 சதவீதம் ஏற்றி, அதற்காக 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வெளிவரும் சூடு ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். கைக்குக் கிடைப்பது? ஒரு மணி நேர எக்ஸ்போர்ட் 55 நிமிடத்தில் முடியும். அதுவும் வேலை முழுக்கப் பிராசசரையே நம்பி இருந்தால்தான்.

உள்ளே நடப்பது இது. சிப்புக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் உலோகக் கம்பிகள் தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லியவை. அவற்றில் நெருக்கியடித்து ஓடும் எலெக்ட்ரான்கள் உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் ஓரிடத்தில் கரை அரிந்து, இன்னோரிடத்தில் மணல் திட்டு விழுவதில்லையா, அதே கதைதான். அரிந்த இடத்தில் கம்பி அறுந்துபோகலாம். திட்டு விழுந்த இடத்தில் பக்கத்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளலாம். எலெக்ட்ரோமைகிரேஷன் என்பார்கள். மோட்டோரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் 1969-இல் இதற்கு ஒரு சமன்பாடே கொடுத்தார். மின்னோட்டத்தின் அடர்த்தி கூடினாலும் ஆயுள் குறையும், சூடு கூடினாலும் குறையும். சூட்டின் பங்கு அதில் அடுக்குக்குறியாக வருவதால், பத்து டிகிரி என்பது அலட்சியம் செய்கிற அளவு அல்ல. இது போக, டிரான்சிஸ்டரில் உள்ள மெல்லிய காப்புப் படலமும் கூடுதல் வோல்டேஜில் சீக்கிரம் நலிந்துவிடும்.

இந்தத் தேய்மானம் ஒரே நாளில் முகம் காட்டாது. நேற்றுவரை 1.25 வோல்ட்டில் ஒழுங்காக நின்ற அதே கிளாக், சில மாதம் கழித்து 1.28 கேட்கும். கொடுக்காவிட்டால் ரெண்டர் பாதியில் நிற்கும், நீலத்திரை வரும். கொடுத்தால் தேய்மானம் இன்னும் வேகமெடுக்கும். மச்சானின் பயத்துக்கும் ஒரு பழைய ஆதாரம் உண்டு. 2002, 2003 வாக்கில் பென்டியம் 4 நார்த்வுட் சிப்புகளுக்கு 1.7 வோல்ட்டுக்கு மேல் ஏற்றியவர்கள், அவை திடீர் திடீரென்று செத்துவிழுவதைப் பார்த்தார்கள். அளவான கிளாக்கில், வோல்டேஜைத் தொடாமல், நல்ல கூலரோடு ஓட்டினால் பிராசசர் நீங்கள் அடுத்த கம்ப்யூட்டர் வாங்கும்வரை தாராளமாக உழைக்கும். அதற்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸோ மதர்போர்டோதான் முதலில் கைவிடும்.

இனி நம்மூர் விஷயம். யூடியூபில் "ஓவர்கிளாக் செய்தும் 75 டிகிரிதான்" என்று காட்டுபவர் 22 டிகிரி ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பார். அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு சிப்பின் சூடும் ஏறும். அக்னி நட்சத்திரத்தில் கும்பகோணத்து மாடி அறை 38 டிகிரியில் இருந்தால், அவருடைய 75 உங்களுக்கு 91. உங்கள் தொழிலில் வேலை நெரிவதும் அதே வைகாசியில்தான். போதாக்குறைக்குத் தை, மாசி அறுவடையில் பறக்கும் வைக்கோல் தூசி, சிப்பின் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்கின் இடுக்கெல்லாம் அடைத்திருக்கும். பல பேருடைய "ஸ்லோ கம்ப்யூட்டர்" வியாதிக்கு இந்த அடைப்பே காரணம்.

ஆகவே என் யோசனை: அந்த 1,500 ரூபாயோடு கொஞ்சம் சேர்த்து ஒரு டவர் கூலர் வாங்குங்கள். 5600எக்ஸின் அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், சூடு இடம் கொடுத்தால் அதுவே 4.6 வரை ஏறிக்கொள்ளும். கூலர் நன்றாக இருந்தாலே அது மேலே அதிக நேரம் நிற்கும். கம்பெனி செய்து கொடுத்த ஓவர்கிளாக் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். இந்த மாடலில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. எனவே உங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும். எடிட்டிங் மென்பொருளின் எக்ஸ்போர்ட் அமைப்பில், அந்தக் கார்டையே வேலை வாங்கும் ஹார்டுவேர் என்கோடிங் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். பிராசசரைப் பிழிந்து எடுக்கும் சில நிமிடங்களைவிட அதில் மிச்சமாவது பல மடங்கு. இன்னொன்று, ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு ஏ.எம்.டி. வாரண்டி தராது. அவர்கள் கொடுத்த மென்பொருளிலேயே செய்தாலும் இதே விதிதான்.

கேள்வி: மன்னார்குடியில் கல்லூரி மாணவன். பழைய கோர் ஐ7-7700கே, போர்டோடு சேர்த்து ஒருவர் விற்கிறார். "ஓவர்கிளாக்கே பண்ணினதில்ல தம்பி" என்று சத்தியம் செய்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தம்பி, பெயரின் கடைசியில் வரும் 'கே' என்பதே பூட்டில்லாத சிப் என்று அர்த்தம். ஓவர்கிளாக் செய்வதற்கென்றே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிற ரகம். செய்யவே இல்லை என்பவர் நூற்றுக்கு நூறு பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். ஆனால் சத்தியத்தை வைத்து வாங்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஓவர்கிளாக்கில் ஓடியது என்று சொல்லும் மீட்டர் எதுவும் அதில் இல்லை. போர்டின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸை ரீசெட் செய்தால் பழைய அமைப்புகளும் போய்விடும்.

ஆனால் சிப்பைக் கையில் வாங்கி மேல்மூடியின் ஓரத்தைப் பாருங்கள். 7700கே-யில் மூடிக்கும் சிலிக்கானுக்கும் நடுவே பற்றவைப்பு கிடையாது, வெறும் பேஸ்ட்தான். அது சூட்டைச் சரியாகக் கடத்தாது என்று, ஓவர்கிளாக் பிரியர்கள் மூடியைக் கழற்றி வேறு பேஸ்ட் போட்டு மறுபடி ஒட்டினார்கள். ஓரத்துக் கறுப்புப் பசை பிசிறடித்திருந்தாலும், மூடி கொஞ்சம் கோணியிருந்தாலும் சந்தேகப்படலாம். பிறகு பயாஸை டீஃபால்ட்டில் வைத்து, ஓ.சி.சி.டி. போன்ற சோதனையை அரை மணி நேரம் அவர் வீட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'WHEA-Logger' என்று பிழை விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். டீஃபால்ட் வேகத்தில் பிழையே இல்லாமல் ஓடினால், பழைய ஓவர்கிளாக்கை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு. அது 2017 ஜனவரியில் வந்த சிப். விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் அதற்கு இடமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. நாளைக்குப் போர்டு போனால் அதற்கேற்ற போர்டும் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். 2022-இல் வந்த கோர் ஐ3-12100 இந்த ஐ7-ஐ வேகத்தில் முந்துகிறது. மலிவான புதுப் போர்டோடு வாரண்டியும் சேர்த்து வாங்கலாம். 'ஐ7' என்ற பெயருக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் இருக்கிறேன். இன்டெல் 14-ஆம் தலைமுறை வாங்க நினைக்கிறேன். ஓவர்கிளாக் செய்யாமலேயே அது கெட்டுப்போகிறதாமே?

பதில்: 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் அப்படி நடந்தது உண்மை. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டு, அதனாலேயே தேய்ந்துபோனது. நாளாக நாளாக, ஓடுவதற்கே கூடுதல் வோல்டேஜ் கேட்டது. இதை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (சிப்பின் உள்நிரல்) திருத்தங்கள் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களை பெட்டியில் வாங்கியவர்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டி மொத்தம் ஐந்தாக்கியது. திருத்தம் புதுச் சிப்பைக் காப்பாற்றும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. எனவே இந்த இரண்டு தலைமுறையில் செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். புதிதாக வாங்கினால் சீல் பிரிக்காத பெட்டியில் வாங்குங்கள், சீரியல் எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள், அந்தத் திருத்தம் சேர்ந்த பயாஸுக்குப் புதுப்பித்த பிறகே வேலையை ஆரம்பியுங்கள். பெட்டியில்லாமல் 'டிரே' என்று தருகிற சிப்புக்கு வாரண்டி விற்பவரின் பொறுப்பு. அவர் கடை அடுத்த வருடம் இருக்குமா என்பது உங்கள் கணிப்பு.

கேள்வி: ரேமுக்கு எக்ஸ்.எம்.பி. போட்டாலும் ஓவர்கிளாக்தானா? (தஞ்சாவூர்)

பதில்: எக்ஸ்.எம்.பி. என்பது ரேமின் வேகத்தை ஏற்றும் ஒரு பயாஸ் அமைப்பு. காகிதத்தில் ஆமாம், அதுவும் ஓவர்கிளாக்தான். இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுமே அதை ஓவர்கிளாக் கணக்கில்தான் வைத்திருக்கின்றன. நடைமுறையில் ரேம் பெட்டியில் அச்சடித்த வேகம் அதைப் போட்டால்தான் கிடைக்கும். போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவாரூரில் இருக்கிறேன். சென்னையில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கினேன். அவர்களே ஓவர்கிளாக் செய்து கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. "ஓவர்கிளாக் செய்ததால் வாரண்டி கிடையாது" என்கிறார்கள். நியாயமா?

பதில்: செய்தது அவர்கள், அதைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்புவதும் அவர்களே. முதலில் பயாஸை டீஃபால்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றால் சிப் இன்னும் பிழைத்திருக்கிறது, அமைப்புதான் கோளாறு. நிற்காவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிப் பாருங்கள். லோ வோல்டேஜ் ஊர்களில் பாதிக் குற்றவாளி அதுதான். அதற்கும் நிற்கவில்லை என்றால் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஓவர்கிளாக் செய்து தருவதாக அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லையா, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் வழக்குக் கட்டணமும் இல்லை.