உண்ணி கடித்த மறுநாளே பரிசோதனை எடுக்க வேண்டுமா?

கேள்வி: காட்டுப்பாதையில் நடந்துவிட்டு வந்த மறுநாள் காலை, என் 10 வயது மகளின் முழங்கால் மடிப்பில் ஒரு உண்ணி ஒட்டியிருந்தது. பிடுங்கியபோது தலை மட்டும் தோலிலேயே தங்கிவிட்டது. எங்கள் பகுதியில் லைம் நோய் (உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா நோய்) உண்டு. உண்ணியை அனுப்பினால் கிருமி இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வதாக ஒரு ஆய்வகம் விளம்பரம் செய்கிறது. அனுப்பலாமா? மகளுக்கு ரத்தப் பரிசோதனையும் எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

முதலில் அந்தத் தலையை விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது வாய்ப்பகுதியின் சின்னத் துணுக்குதான். ஊசி வைத்துத் தோண்டினால் புண்தான் மிஞ்சும். விட்டுவிட்டால் தோலே அதைத் தள்ளிவிடும். லைம் கிருமி குடியிருப்பது உண்ணியின் குடலில். உண்ணி ரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அது மெல்ல உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்ந்து, அங்கிருந்து நம் உடம்புக்குள் இறங்கும். இதற்குப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டீர்கள்.

எடுத்த உண்ணி தட்டையாக இருந்ததா, உப்பியிருந்ததா? தட்டை என்றால் பயம் மிகக் குறைவு. உப்பியிருந்தால் அந்த உண்ணி நீங்கள் நடக்கப் போனதற்கு முன்பே ஒட்டியிருக்கலாம். 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தது என்று தோன்றினால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஒரே ஒரு வேளை தேவையா என்று அவர் முடிவு செய்வார். மூன்று நாள் கெடு உள்ள மருந்துக்கு அடுத்த வாரம் வரச் சொல்லும் மருத்துவமனைகளை என்ன சொல்வது! போன் செய்யும்போதே "உண்ணிக் கடி, 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

சரி, அந்த ஆய்வகத்துக்கு வருவோம். உண்ணியில் கிருமி இருந்தால் அது உங்கள் மகளுக்கு ஏறிவிட்டது என்று பொருளில்லை. இல்லை என்று வந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது. கசகசா அளவே உள்ள இளம் உண்ணி இன்னொன்று கடித்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் விழுந்திருக்கலாம். அந்த முடிவை வைத்து எந்த நல்ல டாக்டரும் மருந்து எழுத மாட்டார். ரத்தப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. அது உருவாகச் சில வாரம் பிடிக்கும். இன்றைக்கு எடுத்தால், நோய் தொற்றியிருந்தாலும் "இல்லை" என்றுதான் வரும். இது தெரிந்தும் மூன்றாம் நாளே பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைவிட மோசமான ஆட்கள் அப்புறம் வருவார்கள். "சாதாரண ஆய்வகத்தால் கண்டுபிடிக்க முடியாது, எங்கள் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியும்" என்பார்கள். தடித்த ஃபைலோடு என்னைப் பார்க்க வந்த ஒரு தாயின் கையில் இப்படிப்பட்ட முடிவுகள்தான் இருந்தன. நோய் குணமான பிறகும் ஆன்டிபாடி பல வருடம் ரத்தத்தில் தங்கும். அதைக் காட்டி மாதக்கணக்கில் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். நீண்டகால ஆன்டிபயாடிக்கால் நிலையான பலன் இல்லை என்று முறையான ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. நரம்பில் செருகிய குழாய் வழியே கிருமி ஏறி உயிரிழந்தவர்களும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது, 30 நாள் தோலைப் பார்ப்பது. கடித்த ஓரிரு நாளில் வரும் காசளவு சிவப்பு, அரிப்பு எல்லாம் கடியின் எரிச்சல்தான், தானே மங்கிவிடும். லைம் தடிப்பு பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து வரும். நாளுக்கு நாள் விரிந்து 5 செ.மீ.யைத் தாண்டும்; அவ்வளவாக அரிக்காது. படங்களில் எப்போதும் வெள்ளைத் தோலில், வில்வித்தைக் குறிபோல வளையம் வளையமாகக் காட்டுகிறார்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். பல தடிப்புகளில் வளையமே இருக்காது, ஒரே நிறத் திட்டாக இருக்கும். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பாகவே தெரியாமல், அடிபட்டுக் கன்றியதுபோல மங்கலாக இருக்கலாம். டாக்டர்களே தவறவிடுகிறார்கள். அதனால் நிறத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துத் தினமும் போட்டோ எடுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டே போனால் அந்தப் படங்களோடு டாக்டரிடம் போங்கள். அப்போதும் ரத்தப் பரிசோதனை தேவையில்லை, தடிப்பே போதும். 10 முதல் 14 நாள் மாத்திரையில் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும்.

தடிப்பு இல்லாமலே காய்ச்சல் வந்தாலோ, முகத்தின் ஒரு பக்கம் தொய்ந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, உண்ணி கடித்த தேதியைச் சொல்லுங்கள்.