என்எஃப்எல் கேள்வி பதில்: டிராஃப்டா, ஃப்ரீ ஏஜென்சியா?

கேள்வி: என்எஃப்எல் என்கிற அமெரிக்கக் கால்பந்து லீகில் அணி கட்ட எது நல்ல வழி? கல்லூரிப் பையன்களை டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாக, முறை வைத்து ஆளெடுப்பது) எடுப்பதா, ஒப்பந்தம் முடிந்தவர்களை ஃப்ரீ ஏஜென்சியில் விலை பேசுவதா?

டிராஃப்ட்தான் அடித்தளம். காரணம் சம்பளக் கணக்கு. 2025-ல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். டிராஃப்டில் வந்தவருக்கோ, முதல் நான்கு வருடச் சம்பளம் அவரை எடுத்த இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய முடிவாகிவிடும். குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிராக் பர்டியை 2022-ல் 262-வது ஆளாக, கடைசியாக எடுத்தார்கள். மூன்று சீசன் சொற்பச் சம்பளம். அதற்குள் சான் பிரான்சிஸ்கோவை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குக் கொண்டு போனார். 2025-ல் புது ஒப்பந்தம், ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி டாலர் வரை! அந்த மலிவான வருடங்களில் மிச்சமாகும் பணத்தில்தான் வெளியாட்களை வாங்க வேண்டும்.

ஒப்பந்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள், கையெழுத்து போனஸைப் பாருங்கள். பணம் கை மாறிவிடும், உச்சவரம்புக் கணக்கில் ஐந்து வருடம் வரை பிரித்து எழுதுவார்கள். வீரரை இடையில் விட்டால் மீதி அணியின் தலையில்தான்.

கேள்வி: ஃபேன்டஸி லீகில் (நிஜ வீரர்களை வைத்து ரசிகர்கள் ஆடும் கற்பனைப் போட்டி) யாரை எடுக்கலாம்?

அது என் துறை இல்லை. அதை ஆடுபவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: பிலடெல்பியா 2024 சீசனில், பந்தோடு ஓடும் சாக்வான் பார்க்லியை வாங்கித்தானே சூப்பர் பவுல் ஜெயித்தது?

2,005 கெஜம் ஓடினார், மறுக்கவில்லை. அவருக்கு வழி திறந்தது யார்? எதிரணியைத் தடுக்கும் முன்வரிசை ஐவரில் நால்வர் அந்த அணியே டிராஃப்டில் எடுத்தவர்கள். அதில் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். 2018-ல் ஏழாவது சுற்றில் எடுத்து, தொழிலையே முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார்கள்.

கேள்வி: அந்த முன்வரிசை 2023-லும் இருந்ததே! ஏன் முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே தோற்றார்கள்?

நியாயமான கேள்வி. பார்க்லி இல்லாமல் அந்த சீசன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இறுதி ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். பார்க்லியை 57 கெஜத்தில் கட்டிப்போட்டார்கள். எதிரணி குவாட்டர்பேக் மஹோம்ஸின் பந்தைப் பறித்து எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுன் போட்டது கூப்பர் டிஜீன், அந்த வருட டிராஃப்டில் 40-வது ஆள்.  2011-ல் இதே பிலடெல்பியா பெரிய பெயர்களாக வாங்கிக் குவித்தது, ‘கனவு அணி’ என்றார்கள். எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி.

கேள்வி: சரி, டிராஃப்டா ஃப்ரீ ஏஜென்சியா, ஒரே வார்த்தையில்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நம் வீரர் வேறு அணிக்குப் போனால் ஒன்றும் கிடைக்காதா?

சேர்த்ததைவிட இழந்தது அதிகமென்றால் டிராஃப்டில் மூன்றிலிருந்து ஏழாம் சுற்றுக்குள் ஈடாகத் தேர்வுகள் கிடைக்கும், அதிகபட்சம் நான்கு.

கேள்வி: குவாட்டர்பேக்கையாவது வாங்கலாமா?

டென்வர் 2022-ல் ரசல் வில்சனுக்காக முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டைக் கொடுத்தது. இரண்டே சீசனில் விட்டுவிட்டது. போனஸ் பாக்கியும் உத்தரவாதச் சம்பளமும் சேர்ந்து 8.5 கோடி டாலர் கணக்கில் ஏறியது. இதற்காகத்தான் போனஸைப் பாருங்கள் என்கிறேன். அப்புறம் 2024 டிராஃப்டில் குவாட்டர்பேக் போ நிக்ஸை 12-வது ஆளாக எடுத்தார்கள். அந்த சீசனிலேயே பிளேஆஃப் போனார்கள்.