உங்கள் பிஸ்டலுக்கு எந்த ரவுண்டு ஒத்துப்போகும்?

கேள்வி: திருச்சி ரேஞ்சில் இரண்டு வருடமாக 25 மீட்டர் பிஸ்டல் சுடுகிறேன். இப்போது சொந்தமாக .22 பிஸ்டல் வாங்கியிருக்கிறேன். விலை கூடிய மேட்ச் ரவுண்டு (போட்டிக்கான தோட்டா) போட்டால்தான் பாயிண்ட் ஏறும் என்கிறார்கள் சிலர். ஹை வெலாசிட்டி (வேகம் கூடிய ரவுண்டு) போட்டால் ஜாம் ஆகாது என்கிறார் ஒருவர். எதை வாங்குவது?
- வாசகி, கும்பகோணம்

ஹை வெலாசிட்டி வேண்டாம்மா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டார்கெட் பிஸ்டலின் ஸ்பிரிங், 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) ஈயப் புல்லட் உள்ள ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ரவுண்டை மனதில் வைத்து அமைத்தது. பெட்டியில் வினாடிக்கு 320, 330 மீட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் ரைபிளின் நீளக் குழலில் அளந்த வேகம். நம் ஐந்தாறு அங்குலக் குழலில் அது இன்னும் குறையும். வேகம் கூடிய ரவுண்டு இங்கே சத்தத்தையும் உதைப்பையும்தான் கூட்டும். போல்ட் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் பின்னால் போய் வரும் பாகம்) பின்னால் மோதி மோதி பாகங்கள் அடிவாங்கும்.

சரி, விலை. 25 மீட்டர் பிரிசிஷன் டார்கெட்டில் பத்தாம் வட்டம் 50 மி.மீ. அகலம், கோட்டைத் தொட்டாலே பத்து. நல்ல ஸ்டாண்டர்ட் ரவுண்டு, ரெஸ்டில் (தாங்கியில்) வைத்துச் சுட்டால் அதில் பாதி அகலத்துக்குள் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் டிரிக்கரில் இருக்கும் உங்கள் விரல்தான். சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட், எஸ்.கே. பிஸ்டல் மேட்ச் போன்றவை தாராளமாகப் போதும். எலே டெனெக்ஸ் போன்ற விலை கூடிய மேட்ச் ரவுண்டுக்குப் போக வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் பயிற்சிக்குக் கூடுதல் ரவுண்டு வாங்குங்கள்.

ஆனால் எந்தப் பிராண்டு என்பதை உங்கள் பிஸ்டல்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வயலில் நன்றாக விளைந்த நெல் ரகம் நம் வயலில் சோடை போவதில்லையா? அப்படித்தான் இதுவும். இரண்டு மூன்று பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். மணல் பையில் பிஸ்டலைத் தாங்கி, முதல் பத்து ரவுண்டைக் கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள். பழைய பிராண்டின் புல்லட் மெழுகு போய்ப் புதியது குழலில் படிய அவ்வளவு வேண்டும். அப்புறம் ஐந்து ஐந்து ரவுண்டாக ஐந்து குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டம்). ஒரே ஒரு அழகான குரூப்பைப் பார்த்து மயங்காதீர்கள், ஐந்தின் சராசரியைப் பாருங்கள். ஒரு ஜாம்கூட ஆகாமல் ஓடியதா என்பதையும் எழுதி வையுங்கள். மூன்று வினாடியில் ஒரு ஷாட் போட வேண்டிய ரேபிட் சுற்றில் ஜாம் ஆனால் தாளமே போய்விடும். ஜாம் ஆகாத ரவுண்டு என்றால் 3 மி.மீ. பெரிய குரூப்பையும் நான் ஏற்றுக்கொள்வேன்.

பிடித்த ரவுண்டின் பெட்டியில் லாட் நம்பர் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) இருக்கும். லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குள், அதே லாட்டில் ஒரு சீசனுக்கு ஆகும்படி வாங்குங்கள். .22 போன்ற ரிம்ஃபயர் ரவுண்டில் பற்றவைக்கும் மருந்து கேஸின் (பித்தளைக் கூட்டின்) விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கிறது. அது பரவும் விதம் லாட்டுக்கு லாட் மாறும், வேகமும் அதோடு மாறும்.

இன்னொன்று நம் ஊர் வெயில். புல்லட்டை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள், மெழுகு லேசாகப் பிசுபிசுக்கும். சித்திரை மதியத்தில் மூடிய காருக்குள் பெட்டி கிடந்தால் அது இளகி, தூசியை ஒட்டிக்கொண்டு சேம்பரில் (குழலின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் இடத்தில்) படியும். அதற்கப்புறம் ரவுண்டு முழுசாக உள்ளே போகாது. நீங்கள் சொல்லும் ஜாமுக்குப் பல நேரம் இதுதான் காரணம். வேறு ரவுண்டு தேடுவதற்கு முன்னால் சேம்பரையும் மேகசினின் உதடுகளையும் (ரவுண்டைப் பிடித்திருக்கும் மேல் விளிம்புகளையும்) ஒருமுறை துடைத்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள்.