‘இதோ வந்துட்டேன்’னா எங்க இருக்கார்?

கேள்வி: சாயங்காலம் ஏழு மணிக்கு போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னு கேட்டா என் வீட்டுக்காரர் "இதோ வந்துட்டேன்"ங்கறார். கதவைத் தட்டும்போது மணி எட்டே கால். இது பொய்யா இல்லையா, நீங்களே சொல்லுங்க.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அவருக்கு ஒரு பெரிய வக்கீல் இருக்காரும்மா, தொல்காப்பியர். இனிமே நடக்கப்போறதையும் இப்ப நடந்துட்டு இருக்கறதையும் நடந்து முடிஞ்ச மாதிரி சொல்றது உண்டு, அது "விரைந்த பொருள"ன்னு தொல்காப்பியத்துல வினையியல்ங்கற பகுதியில சூத்திரமே இருக்கு. அவசரத்துல வர்ற பேச்சுன்னு அர்த்தம். இதுக்கு தொல்காப்பியத்தோட பழைய உரைகாரர் சேனாவரையர் காட்டற ஆளு அப்படியே நம்ம வீட்டு ஆளுதான், வெளிய போகணும்னு அவசரத்துல ஒருத்தர் வந்து நின்னு இன்னும் சாப்பிடலையான்னு கேக்கறார், இவன் சாப்பிடவே ஆரம்பிக்கல, ஆனா "உண்டேன் போந்தேன்"ங்கறான், அதாவது சாப்பிட்டாச்சு கிளம்பியாச்சு! நன்னூல் இன்னும் தாராளம், விரைவுக்கு மட்டுமில்ல, மிகுதிக்கும், நிச்சயம்ங்கற தெளிவுக்கும் காலம் மாறலாம்னு சொல்லிடுது. "அப்பா வந்தார்னா நீ செத்த"ன்னு பிள்ளையை மிரட்டறோமே, அது தெளிவுக் கணக்கு. பிள்ளை நல்லா கல்லுமாதிரிதான் நிக்கும்.

சரி, கேஸுக்கு வருவோம். நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டது ஊர் பேர் தெரிஞ்சுக்க இல்லையே, தோசைக்கல்லை அடுப்புல வைக்கலாமான்னு தெரியணும், அவ்வளவுதான். அவர் பல்லாவரம் சிக்னல்ல நின்னுட்டு வந்துட்டேன்னு சொல்லியிருந்தா அது சத்தியம், கால் இன்னும் வாசல்ல படலைன்னாலும் சத்தியம். ஆபீஸ் வாசல் டீக்கடையில ரெண்டாவது டீயை ஆத்திட்டே அதே வார்த்தையைச் சொன்னா பச்சைப் பொய். தொல்காப்பியர் லைசென்ஸ் குடுத்தது விரைவுக்குத்தான், டீக்கு இல்ல. ஒண்ணே கால் மணி நேரம்ங்கறீங்க, எனக்கென்னமோ டீ வாசனைதான் அடிக்குது. அடுத்த வாட்டி "எங்க இருக்கீங்க"ன்னு கேக்காதீங்க, "கல்லு வைக்கட்டா"ன்னு கேட்டுப் பாருங்க, பதில் கொஞ்சம் யோசிச்சு வரும்.

கேள்வி: கடையில கொத்தமல்லி இருக்கான்னு கேட்டா "கறிவேப்பிலைதான் இருக்கு"ங்கறார். இல்லைன்னு சொன்னா வாய் வலிக்குமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மறுபடியும் தொல்காப்பியர்தான் சார், என்ன பண்றது. ஒரு பொருளை இல்லைன்னு சொல்லணும்னா இருக்கற வேற பொருளைச் சொல்லி சொல்லுன்னு தொல்காப்பியத்துல கிளவியாக்கம்ங்கற பகுதியில இருக்கு. "பயறு உளவோ வணிகீர்?"னு கேட்டா "உழுந்து அல்லது இல்லை"ங்கறது உரைகள்ல வர்ற உதாரணம். எழுத்துக்கு எழுத்து பிடிச்சா கடையில உளுந்தைத் தவிர அரிசி, மிளகாய், தராசு, கடைக்காரர் எதுவுமே இல்லைன்னு ஆயிடும், ஆனா பயறு கேட்டவர் பருப்பு வகைக்குள்ளயேதான் நிக்கறார், அதனால குழப்பமே இல்ல. இனமான பொருளைத்தான் சொல்லணும்னு உரைகாரங்க கண்டிஷனும் போட்டிருக்காங்க. உங்க கடைக்காரர் கண்டிஷனுக்குள்ளதான் இருக்கார். கொத்தமல்லிக்கு துடைப்பம் இருக்குன்னு சொன்னா அப்ப சண்டைக்குப் போங்க.

கேள்வி: பொண்ணு பாத்துட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்"னு சொல்லிட்டுப் போனவங்க கதை எங்க பாட்டி நிறைய சொல்லுவாங்க. லெட்டர் வருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வராது. பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுட்டு வாசல்ல செருப்பு மாட்டும்போது சொன்னா அது "வேண்டாம்", அங்க இருந்த எல்லாருக்கும் அந்த நிமிஷமே புரிஞ்சிடும். இதே வார்த்தையை மிலிட்டரிக்குக் கிளம்பற பையன் அம்மாகிட்ட சொன்னா லெட்டர் கண்டிப்பா வரும். இப்ப லெட்டர் போய் "வாட்ஸ்அப்ல சொல்றோம்"னு ஆயிடுச்சாம். அதுவும் வர்றதில்லையாம்.