மறு: நினைவே தங்காத எச்.எம். நட்சத்திரம் வரையக் கற்றது எப்படி?

மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸ் போனால் போவது "நேற்று இதைச் செய்தேன்" என்கிற நினைவு; கைப்பழக்கம் போகாது. அதனால்தான் 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் அந்தப் பகுதியின் பெரும்பங்கை இழந்த ஹென்றி மோலைசன் (எச்.எம். என்பவர் இவர்தான்), உளவியலாளர் பிரெண்டா மில்னரின் சோதனையில், கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் தேறினார். முந்தைய நாள் வரைந்தது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை.

பாடநூல் எல்லாவற்றையும் 'நினைவு' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுவதால் குழம்பியிருப்பீர்கள். கைத்திறனில் பெரும்பங்கு சிறுமூளைக்கும், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவுக்கும்.

நீங்களே செய்து பாருங்கள். தாளை மறைத்துவிட்டு, கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் மேல் கோடு இழுங்கள். முதலில் கை எதிர்ப்பக்கம் ஓடும், எரிச்சலாக வரும். சில நாளில் கோடு படியும். எப்படி என்று சொல்லத்தான் வராது.

அப்புறம், மோலைசனுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா போன்ற பக்கத்துப் பகுதிகளும் அறுவை சிகிச்சையில் போயின. தேர்வில் 'ஹிப்போகேம்பஸ் மட்டும்' என்று எழுதிவிடாதீர்கள்.