அண்ணன் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

முஸ்லிம் பெண்களின் சொத்து, மணவிலக்கு, ஜீவனாம்சம் பற்றி டெல்டா வாசகர்கள் கேட்டவற்றுக்குத் திருவாரூர்ப் பெண் வழக்கறிஞர் ஒருவர் தரும் பதில்கள்.

கூத்தாநல்லூர் பக்கத்திலிருந்து: அத்தா (அப்பா) மவுத்தாகி, அதாவது இறந்து, ஓராண்டு ஆகிறது. 32 மா (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) நன்செய் இருக்கிறது. அம்மா, ஒரே அண்ணன், நான், தங்கை. "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, நிலத்தில் உங்களுக்கு என்ன?" என்று அண்ணன், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார். மறுத்தால் பிறந்த வீடே இல்லாமல் போகுமோ அக்கா?

பதில்: நீங்களும் போடாதீர்கள், தங்கையையும் போடவிடாதீர்கள். முதலில் அத்தாவின் கடன்களைத் தீர்க்க வேண்டும். நிக்காஹ்வில் கணவர் மனைவிக்குத் தர ஒப்புக்கொள்ளும் மஹர், அம்மாவுக்குத் தராமல் நின்றுபோயிருந்தால் அதுவும் கடன்தான். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், அம்மாவும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். அத்தாவின் பெற்றோர் உயிரோடு இல்லை, கடனும் இல்லை என்று வைத்துக்கொண்டால், அம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 மா. எஞ்சிய 28-இல் அண்ணனுக்கு 14, உங்களுக்கு 7, தங்கைக்கு 7.

மகனுக்குக் கிடைப்பதில் பாதிதானா மகளுக்கு என்று கேட்கலாம். எனக்கும் அதில் சொல்ல நிறைய உண்டு. ஆனால் என்னிடம் வரும் பெண்கள் அந்தப் பாதியும் கைக்கு வராமல்தான் வருகிறார்கள். மேடையில் ஷரீஅத் பேசுகிறவர்கள் வயல் என்றதும் ஊர் வழக்கத்துக்கு மாறிவிடுகிறார்கள்! 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது உண்மைதான். 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. கல்யாண நகை அன்பளிப்பு, பங்கில் கழியாது. உறவுக்காக விட்டுக்கொடுக்க விரும்பினால் பட்டா உங்கள் பெயருக்கு வந்தபின் கொடுங்கள். அண்ணனுக்கும் அதன் மதிப்புத் தெரியும்.

அய்யம்பேட்டையிலிருந்து: சவூதியிலிருக்கும் கணவர் வாட்ஸ்அப்பில் மூன்று தலாக் அனுப்பிவிட்டார்.

பதில்: செல்லாது. நீங்கள் இன்னும் அவர் மனைவிதான். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாஜிஸ்திரேட்டிடம் பிழைப்புத் தொகை கேட்கலாம். நான் பணத்தை முதலில் கேட்கச் சொல்வேன். உள்ளே போனவர் எங்கிருந்து அனுப்புவார்? நாளை முறைப்படி மணவிலக்கு ஆனாலும் பொது ஜீவனாம்சச் சட்டத்தை நாடலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நாகூரிலிருந்து: கணவர் மூன்று வருடமாகச் செலவுக்குத் தருவதில்லை. குலா (மனைவியே கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்டால் பள்ளிவாசல் ஜமாஅத்தில் "பொறுத்துப் போம்மா" என்கிறார்கள்.

பதில்: பொறுத்தது போதும். 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் மண முறிவுச் சட்டத்தில் இரண்டாண்டு செலவுக்குத் தராததே போதிய காரணம். ஜமாஅத் போன்ற தனியார் அமைப்புகள் குலா சான்று தர முடியாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

முத்துப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரர்: இப்படிச் சட்டம் நுழைவது மார்க்கத்தில் தலையிடுவது ஆகாதா?

பதில்: பாகிஸ்தானில் தலாக் சொன்னவர் உள்ளாட்சித் தலைவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1961 முதல் சட்டம். எகிப்தில் 2000 முதல் கணவர் சம்மதிக்காவிட்டாலும் பெண் நீதிமன்றத்தில் குலா பெறலாம். துனிசியா 1956-லேயே பலதார மணத்தைத் தடைசெய்தது. அங்கெல்லாம் யார் மார்க்கத்தில் யார் தலையிட்டார்கள்? அதுசரி, கைக்கூலி என்கிற வரதட்சணை மார்க்கத்தில் எங்கே இருக்கிறது சகோதரரே?

அய்யம்பேட்டை வாசகி மீண்டும்: வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை அக்கா.

பதில்: பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்.