துக்ளக்கும் நடுநிலையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தாத்தா காலமான பிறகு பரணை ஒழித்தபோது, சோ ராமசாமி நடத்திய துக்ளக்கின் பழைய இதழ்கள் ஒரு மூட்டை கிடைத்தன. 'தமிழில் நடுநிலைப் பத்திரிகை என்றால் இது ஒன்றுதான்' என்பார் தாத்தா. 'சோ யாருக்கு நடுநிலை?' என்று அப்பா சண்டைக்குப் போவார். உங்கள் கருத்து?

கே.

அன்புள்ள கே,

கரையான் விட்டுவைத்ததே பெரிய விஷயம். 1970 பொங்கலுக்கு வந்த முதல் இதழ் மூட்டையில் இருக்கிறதா பாருங்கள். அட்டையில் இரண்டு கழுதைகள் இருக்கும். சோ பத்திரிகை ஆரம்பிக்கிறாராம் என்று ஒன்று சொல்ல, அப்போ நமக்கு நல்ல விருந்துதான் என்று மற்றது சொல்லும். முதல் அட்டையிலேயே தன் பத்திரிகையைக் கழுதைத் தீனியாக்கிவிட்டுத்தான் அவர் ஊரைக் கேலி செய்யக் கிளம்பினார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

நடுநிலை விஷயத்தில் நான் உங்கள் அப்பா கட்சி. சோவுக்குச் சாய்வு உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை. விடுதலைப் புலிகளைக் கடைசிவரை எதிர்த்தார், பிற்காலத்தில் பாஜக பக்கம் நின்றார். இரண்டிலும் எனக்கு அவரோடு வழக்கு உண்டு. ஆனால் 1996இல் ஜெயலலிதாவை வீழ்த்த, ஆயுள் முழுக்கத் திட்டிய திமுக இடம்பெற்ற கூட்டணியையே ஆதரித்தார். அப்புறம் மறுபடி ஜெயலலிதா பக்கம். தாத்தா இதைத்தான் நடுநிலை என்றிருப்பார். எனக்கென்னவோ, இன்றைக்கு யாரை முதலில் தடுக்க வேண்டும் என்ற கணக்காகத்தான் படுகிறது.

துக்ளக்கின் உண்மையான சோதனை நெருக்கடி நிலை. அதற்கு முன்பே, 1971இல், சேலத்தில் பெரியார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தின் படங்களைப் போட்டதற்காக திமுக அரசு இதழைப் பறிமுதல் செய்திருந்தது. விளைவு, கிராக்கி கூடியதுதான். ஆனால் 1975இல் வந்தது தணிக்கை. அச்சுக்குப் போகும் முன்பே அதிகாரியின் பேனா வந்துவிடும். சோ அட்டையைக் கறுப்பாக்கினார். வெறும் கறுப்பில் எதை அடிப்பது? இதில் ஒரு வேடிக்கை: அதுவரை துக்ளக் வறுத்தெடுத்த கருணாநிதியும் நெருக்கடி நிலையை எதிர்த்தார். 1976 ஜனவரியில் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது, திமுக நாளேடான முரசொலியும் தணிக்கைக்குத் தப்பவில்லை. பரம வைரிகள் இருவர் ஒரே கத்தரிக்கு அடியில்!

இன்னொன்று, துர்வாசர் என்ற பெயரில் வரும் பக்கங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அது வண்ணநிலவன். அவ்வளவு மென்மையாகக் கதை எழுதியவர் அங்கே எப்படிக் கோபப்படுகிறார் என்று பாருங்கள்.

நான் எப்போதும் சோவின் கேள்வி-பதிலில்தான் ஆரம்பிப்பேன். தலையங்கத்தில் அவர் வக்கீல், அங்கேதான் நாடகக்காரர்.

எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். 1975 – 77 இதழ்களில் இரட்டைப் பிரதி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.